சக்கரம் வைத்த நீலப் பெட்டி

நவம்பர் 3, திங்கள்

வலது கையைப் பற்றி எழுதுவதற்காக இந்த நோட்டைக் கொடுத்திருக்கிறார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டர் கனகவல்லி சொன்னது: "மார்புல ஆபரேஷன் பண்ணிருக்கு, அக்குள்ல இருந்ததையும் எடுத்துருக்கு. இனிமே இந்தக் கையில நீர் கோத்துக்கிட்டு வீங்கப் பாக்கும். வெயிட்டு தூக்கக் கூடாது. கீறல் படக் கூடாது. பகல்ல இந்த உறையைப் போட்டே இருக்கணும். தெனமும் கை எப்படி இருக்குன்னு ஒரு வரி எழுதி வைங்க, அடுத்த தடவை வரப்போ பாக்கணும்."

உறை என்பது மணிக்கட்டிலிருந்து தோள் வரை இறுக்கிப் பிடிக்கும் தோல் நிறத் துணி. வேறு யாருடைய கையையோ என் கைமேல் மாட்டிவிட்ட மாதிரி இருக்கிறது.

ஒரு வரி போதும் என்றார். எனக்கு ஒரு வரியில் பேசி வழக்கமில்லை.

வீட்டில் இருப்பது நானும் சோடாவும்தான். சோடா என் குதிரை, செம்மண் நிறப் பெட்டைக் குதிரை. கொடைக்கானல் ஏரியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய் வரும். அது மூக்கால் மூச்சு விட்டால் கோலி சோடா உடைத்த மாதிரி கேட்கும். என் கணவர் அந்தோணி வைத்த பெயர். அவர் தவறிப்போன பிறகு ஏரிக்கரைக்கு அதை நான்தான் பிடித்துக்கொண்டு போகிறேன். பொம்பளை குதிரை ஓட்ட வந்துவிட்டாள் என்று ஆரம்பத்தில் சிரித்தவர்கள் இப்போது அக்கா என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் முபாரக் சோடாவைப் பார்த்துக்கொண்டான். கீழ் வளைவில் குடியிருக்கிறான். அவனிடம் மூன்று குதிரைகள்.

மகள் ரெஜினா இன்று திண்டுக்கல் திரும்பினாள். பஸ் வரும்வரை இடுப்பில் பாப்பாவை வைத்துக்கொண்டு ஒரே பேச்சு.

"கிறிஸ்துமஸ் வரைக்கும்தாம்மா. ஒத்தக் கையால நீயே பாத்துக்கிட்டா குதிரை இங்கயே இருக்கட்டும். கை வீங்குச்சுன்னு தெரிஞ்சா அன்னைக்கே முபாரக் அண்ணன் கொட்டகைக்குப் போயிரணும். அப்பறம் அழக் கூடாது."

"நான் எப்ப அழுதேன்?"

"சத்தியம் பண்ணு."

பண்ணினேன், இடது கையால்.

கை: நன்றாக இருக்கிறது.

நவம்பர் 4, செவ்வாய்

முதல் தலைவலி தண்ணீர். கொட்டகையில் குழாய் இல்லை. இத்தனை வருஷம் இரண்டு கையிலும் வாளி பிடித்துத்தான் இறக்கினேன். இன்று ஒரு வாளியை இடது கையில் தூக்கி நாலு எட்டு வைப்பதற்குள் பாதி பாவாடைக்குப் போய்விட்டது.

வீடு மேட்டில், கொட்டகை பள்ளத்தில். கெட்டுப்போன வாஷிங் மெஷினின் பின்னால் ஒரு நீளக் குழாய் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றித் தோட்டத்து டியூபோடு சேர்த்துக் கட்டி, ஒரு முனையைச் சமையலறைக் குழாயில் மாட்டி, ஜன்னல் வழியாகக் கீழே விட்டேன். கீழே ஏந்திக்கொள்ளப் பாத்திரம் வேண்டும். பாப்பாவைக் குளிப்பாட்டும் ரோஸ் நிறத் தொட்டியை ரெஜினா மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். குதிரை வாய்க்கு அளவெடுத்த மாதிரி இருந்தது.

சாயந்திரம் போன் பண்ணினாள். "அம்மா, பாப்பா தொட்டி அங்க இருக்கா?"

"இருக்கு. பத்திரமா இருக்கு."

கை: நன்றாக இருக்கிறது.

நவம்பர் 7, வெள்ளி

கொடைக்கானலில் டேபிள் ஃபேன் வாங்கிய ஒரே மனிதர் என் கணவராகத்தான் இருக்கும். கேட்டால், எப்போதாவது வெயில் அடிக்கும் என்பார். அந்த ஃபேனின் முன்பக்கக் கம்பிக் கூண்டைக் கழற்றி ஒட்டடைக் கம்பில் கட்டினேன். கொட்டகையில் மரத்தூள் பரப்பியிருக்கிறது. குதிரைச் சாணியைக் கூண்டால் அள்ளி ஒரு ஆட்டு ஆட்டினால் தூள் கீழே சலித்துவிடும், உருண்டை மேலே நிற்கும். மாவு சலிக்கிற வேலைதான். மண்வெட்டி வேண்டாம், குனியவும் வேண்டாம். ஃபேன் வாங்கியதற்காக அவரைத் திட்டியதை எல்லாம் இன்றோடு வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

கை: நன்றாக இருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. மழை.

கட்டிலுக்கடியில் நீலப் பெட்டி கிடக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கென்று ரெஜினா வாங்கிய சக்கரப் பெட்டி. மதுரை பஸ் ஸ்டாண்டு படிக்கட்டில் விழுந்து ஒரு சக்கரம் கோணிக்கொண்டது, அன்றிலிருந்து கடகட கடகட என்று ஒரே சத்தம். வீட்டுக்கு வந்த பிறகும் அதைத் திறந்தால் டெட்டால் நாற்றம். பார்க்கவே பிடிக்கவில்லை.

இன்று அதை வெளியே இழுத்து மூடியை அறுத்தெடுத்தேன். மூடியில் ஒரு கயிறு போட்டால் சாணியைக் குப்பைக்குழி வரை சறுக்கிக்கொண்டு போகலாம். அடிப்பகுதியில் தவிடும் ஊறிய கொள்ளும் பச்சைப்புல்லும் வைத்துக் கைப்பிடியைப் பிடித்துச் சாய்த்தால் சுமை முழுவதையும் சக்கரம் வாங்கிக்கொள்கிறது. சிமெண்டுப் பாதையில் கடகட என்று கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தேன். சோடா இரண்டடி பின்னால் போனது. பெட்டியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பிறகு தலையை உள்ளே விட்டுச் சாப்பிட ஆரம்பித்தது.

டெட்டால் வாசனை போய்விட்டது.

கை: நன்றாக இருக்கிறது.

நவம்பர் 13, வியாழன்

பழைய சாக்ஸின் வெளிப்பக்கம் பாத்திரம் தேய்க்கும் தேங்காய் நாரைத் தைத்து, அதற்குள் இடது கையை விட்டுச் சோடாவைத் தேய்த்தேன். பிரஷ் பிடிக்க விரல் மடங்க வேண்டும், இதற்கு அது வேண்டாம். வெங்காயம் வந்த நைலான் சாக்கில் காய்ந்த புல்லை அடைத்து, துணிக்கொடி உருளையில் கயிறு போட்டு மேலே ஏற்றினேன். ஓட்டை வழியாகப் புல்லை ஒவ்வொன்றாக இழுத்துத் தின்கிறது. கீழே மிதித்து வீணாக்குவதில்லை.

முபாரக் வந்து எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தான். தொட்டி, கூண்டு, சாக்ஸ், பெட்டி.

"அக்கா, வீட்டுல இன்னும் என்ன மிச்சம்? கட்டிலு?"

"ஏன், ஒனக்கு வேணுமா?"

"ஒங்களுக்கு ஒத்தக் கையி போதும்க்கா. எனக்குத்தான் ரெண்டும் பத்தல." கிளம்பும்போது திரும்பினான். "முடியலைன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. சோடாவ நான் வேத்தாளா நெனைக்க மாட்டேன்."

நல்லவன்தான். அந்தப் பேச்சை இன்று எடுத்தது பிடிக்கவில்லை.

கை: நன்றாக இருக்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

சோடா என் காலடிச் சத்தத்துக்குத் திரும்புவதில்லை. சக்கரம் கடகட என்றதும் அங்கிருந்தே சோடா உடைக்கிறது. காலிப் பெட்டியை இழுத்துப் பார்த்தேன், அதற்கும் உடைத்தது. ஏமாற்றியது பாவமாகப் போய், ஒரு கேரட் எடுத்து வந்து கொடுத்தேன்.

நவம்பர் 20, வியாழன்

ஐந்தாறு நாளாக விடாத மழை. சோடா கட்டிய இடத்திலேயே நின்றதில் பின்னங்கால் இரண்டும் முழங்காலுக்குக் கீழே வீங்கிவிட்டன. விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. எனக்கு இது தெரிந்த வீக்கம். நீர் கோத்துக்கொள்வது.

பழைய சேலையைக் கிழித்துக் கட்டினேன், நிற்கவில்லை, நழுவியது. இறுக்கிப் பிடிக்கிற துணியாக இருந்தால் நிற்கும். வீட்டில் அப்படிப்பட்ட துணி ஒன்றுதான் இருந்தது. நீளவாக்கில் வெட்டி இரண்டு துண்டாக்கி, பாவாடை நாடா வைத்துத் தைத்து, இரண்டு காலுக்கும் கட்டிவிட்டேன். அளவு பொருத்தமாக இருந்தது.

உறையை நான் எப்படியும் சரியாகப் போடுவதில்லை. மழையில் நனைந்தால் காயவே காயாது.

கை: நன்றாக இருக்கிறது.

நவம்பர் 21, வெள்ளி

கால் வீக்கம் பாதி இறங்கியிருக்கிறது. எனக்கு ஒரே பெருமை. முபாரக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதுக்கெதுக்குக்கா கட்டு? சும்மாவே நின்னா எல்லாக் குதிரைக்கும் இப்புடித்தான் வீங்கும். சாக்கு ஒண்ணை முதுகுல போட்டுக் கொஞ்ச நேரம் நடத்துனா தானா வடிஞ்சிரும்." கட்டைக் குனிந்து பார்த்தான். "என்னாக்கா துணி இது? ரப்பர் மாதிரி இழுக்குது."

"பழைய துணி."

மழையில் சோடாவை நடத்தினேன். சாயந்திரத்துக்குள் மீதி வீக்கமும் போய்விட்டது. கட்டை அவிழ்த்தபோது துணி நாலா பக்கமும் பிரிந்து தொங்கியது. ஒன்றும் செய்வதற்கில்லை, அடுப்பில் போட்டேன்.

நவம்பர் 24, திங்கள்

வலது கை வளையலைக் கழற்றிவிட்டேன். சோப்பு போட்டும் வரவில்லை, பிளேடு வைத்து அறுத்தேன். வேலைக்கு இடைஞ்சலாக இருந்தது.

எல்லா ரவிக்கையும் துவைத்துத் துவைத்துச் சுருங்கிவிட்டன. கை நுழையவில்லை. அந்தோணியின் சட்டையைப் போட்டுக்கொள்கிறேன்.

ரெஜினா வீடியோவில் வந்தாள். "கையக் காமிம்மா." இடது கையைக் காட்டினேன். செல்போன் படத்தில் எந்தப் பக்கம் எது என்று அவளுக்குத் தெரியவில்லை. "பரவால்லம்மா, நல்லாத்தான் இருக்கு," என்றாள். பாப்பா திரையை நக்கியது.

கை: நன்றாக இருக்கிறது.

நவம்பர் 29, சனி

ஃபேன் கூண்டில் ஒரு கம்பி விட்டுப்போய் நீட்டிக்கொண்டிருந்தது. வலது மணிக்கட்டில் லேசாகக் கிழித்துவிட்டது. மஞ்சள் வைத்தேன். கூண்டைத் துணிக் கிளிப் போட்டுச் சரிசெய்தாகிவிட்டது.

டிசம்பர் 1, திங்கள்

குளிர். இரண்டு ஸ்வெட்டர். சோடாவுக்குத் தீனி வைத்தேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

தீனி வைத்தேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

இது இங்கே கொடைக்கானல் ஆஸ்பத்திரி. எழுதுவது இடது கையால், கோழி கிளறிய மாதிரி இருக்கிறது.

மூன்றாம் தேதி காலையில் சோடா ஓயாமல் கத்துவதைக் கேட்டு முபாரக் வந்திருக்கிறான். நான் சிமெண்டுப் பாதையில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனாம். எழுந்திருங்கள் என்றதற்கு, முதலில் குதிரைக்குத் தண்ணி காட்டு என்றேனாம். எனக்கு ஞாபகமில்லை. கீறல் வழியாகச் சீழ் பிடித்து ஜுரம் ஏறிவிட்டது. இப்போது இறங்கியிருக்கிறது. ஊசிமேல் ஊசி, எல்லாம் இடது கையில்தான்.

ரெஜினா வந்துவிட்டாள். போர்வையை விலக்கிக் கையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"சோடா முபாரக் அண்ணன் வீட்டுல இருக்கும்மா."

"ம்."

"நீதான் சத்தியம் பண்ணுன."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"உறை எங்கம்மா?"

சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

டிசம்பர் 11, வியாழன்

வீட்டுக்கு வந்தாயிற்று. கிளம்புமுன் டாக்டர் வலது அக்குளைத் தடவிப் பார்த்து இன்னொரு டாக்டரையும் கூப்பிட்டார். மறுபடியும் ஏதோ தட்டுப்படுகிறதாம். மதுரைக்குப் போய் டெஸ்ட் எடுத்து, மருந்து ஏற்ற வேண்டியிருக்கும், சில மாதங்கள் ஆகலாம் என்றார். சரி என்றேன்.

கொட்டகை காலியாக இருக்கிறது. யாரோ சுத்தமாகக் கூட்டியிருக்கிறார்கள். தொட்டியில் மழைத்தண்ணீர். பெட்டி பாதையோரம் கிடந்தது, எடுத்து உள்ளே வைத்தேன்.

டிசம்பர் 12, வெள்ளி

முபாரக் வாசலில் வந்து நின்றான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அக்கா, சோடா திங்க மாட்டேங்குது. கொள்ளு வெச்சேன், மோந்துகூடப் பாக்கல. எங்க குதிரைங்க பக்கத்துல நின்னு திங்குதுங்க, இது சொவத்தப் பாத்துக்கிட்டு நிக்குது. தண்ணி மட்டும் கொஞ்சம். மாட்டு டாக்டரு வந்து பாத்துட்டு ஒடம்புல ஒண்ணும் இல்லைங்குறாரு." செருப்பைத் தரையில் தேய்த்தான். "அந்தப் பெட்டியக் குடுங்கக்கா. அதுலதான் தின்னு பழகிருக்கு."

"பெட்டி ஒடஞ்சு போச்சு," என்றேன்.

அவன் தலை திரும்பும் தூரத்தில்தான் பெட்டி இருந்தது. பார்த்தான். திரும்பிப் போய்விட்டான்.

சிஸ்டர் படித்தாலும் சரி, ரெஜினா படித்தாலும் சரி, எழுதிவிடுகிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சோறு இறங்கியது, இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிட்டேன். திங்காத குதிரையை அவன் எத்தனை நாள் வைத்திருப்பான்? திரும்பக் கொண்டுவந்து விட்டுத்தான் ஆக வேண்டும். பெட்டி என்னிடம் இருக்கும்வரை சோடா என்னுடையது.

டிசம்பர் 14, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியில் கீழ் வளைவில் நின்றேன். எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான். ரெஜினா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

சோடா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. விலா தெரிகிறது. முதுகில் முபாரக்கின் மனைவி நல்ல கம்பளியாகப் பார்த்துப் போர்த்தியிருக்கிறாள், கம்பளிக்கு மேலேயும் எலும்பு தெரிகிறது. "சோடா" என்றேன். காது மட்டும் அசைந்தது. முன்னால் இருந்த கூடையில் புதுக் கேரட், இலையோடு. நான் ஒருநாளும் அதற்கு அப்படி வாங்கிப் போட்டதில்லை.

வீட்டுக்கு ஏறி வந்தேன். எனக்கு அழுகை வந்தது. ரெஜினா பார்த்துவிட்டாள். டம்ளரில் காப்பி ஊற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

காப்பியைக் குடித்துவிட்டுப் பெட்டியில் தவிட்டையும் கொள்ளையும் வைத்தேன். வெங்காயச் சாக்கையும் நார் சாக்ஸையும் மேலே போட்டேன். வாசலுக்கு வந்த ரெஜினா, "நான் இழுத்துட்டு வரேம்மா," என்றாள். வேண்டாம் என்றேன். சாலை இறக்கம், சக்கரம் தானாக ஓடியது. கடகட கடகட. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், கிழவி தவிட்டை எடுத்துக்கொண்டு எந்த ஊருக்குக் கிளம்புகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

வளைவு திரும்புவதற்கு முன்பே கேட்டது. உள்ளேயிருந்து சோடா உடைத்த சத்தம்.

பெட்டி நிற்பதற்குள் தலையை உள்ளே விட்டுவிட்டது. முபாரக் கொட்டகை வாசலில் நின்றான், கிட்டே வரவில்லை. அது தின்று முடிக்கும்வரை கழுத்தில் கை வைத்துக்கொண்டு நின்றேன். நான் வைத்தது வலது கை என்று அப்புறம்தான் கவனித்தேன்.

"இந்தா." பெட்டியின் கைப்பிடியை அவனிடம் நீட்டினேன். "நேரா இழுத்தா சத்தம் வராது. இடது பக்கம் லேசாச் சாய்ச்சு இழுக்கணும். அந்தக் கோணச் சக்கரம் தரையில படணும். அதுக்கு எண்ணெய் கிண்ணெய் போட்டுறாத."

"போட மாட்டேன்க்கா. நீங்க வர்ற வரைக்கும்தான்."

"வர்ற வரைக்கும்னு சொல்லாத. ஒன் குதிரைன்னு நெனச்சுப் பாத்துக்க. இல்லைன்னா அது ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டு நிக்கும்."

சரி என்று தலையாட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டது அவன்தான், நான் இல்லை. என் பங்கை வீட்டிலேயே முடித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

நாளை மதுரை. சேலை நாலு, அந்தோணியின் சட்டை இரண்டு, துண்டு, ஜெபமாலை. எடுத்து அடுக்கிய பிறகுதான் பெட்டி இல்லை என்பது ஞாபகம் வந்தது.

"வேற வாங்கிட்டு வரேம்மா," என்றாள் ரெஜினா.

வேண்டாம் என்றேன். காலித் தவிட்டுச் சாக்கு ஒன்று மிச்சம் இருந்தது. உதறி, துணிகளை வைத்து, வாயைக் கட்டினேன். தோளில் தொங்கப்போட வாகாகத்தான் இருக்கிறது, இடது தோளில்.

பாப்பா தொட்டியைக் கழுவி ரெஜினாவிடம் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டு, "இது எதுக்கு யூஸ் பண்ணுன?" என்றாள். பத்திரமாகத்தான் வைத்திருந்தேன் என்றேன்.

டிசம்பர் 25, வியாழன்

மதுரை, வார்டு. கிறிஸ்துமஸ். ரெஜினா போட்ட கெடு இன்றோடு முடிகிறது.

ஒரு ஊசி ஏற்றியாயிற்று. வாய் கசக்கிறது, சாப்பாடு என்றாலே குமட்டல். மூன்று நாளாகத் தட்டைத் தொடவில்லை. சிஸ்டர் கனகவல்லி இன்றும் கெஞ்சிப் பார்த்தார். பக்கத்துக் கட்டில் அம்மா அவருடைய கேக்கில் பாதியைக் கொடுத்தார், ஜன்னலில் வைத்துவிட்டேன். சாக்கில் இருந்து துணி எடுக்கும்போதெல்லாம் தவிட்டு வாசனை வருகிறது. சிஸ்டர் மூக்கைச் சுளிக்கிறார்.

காலையில் முபாரக் போன் பண்ணினான். "ஹாப்பி கிறிஸ்துமஸ்க்கா. பேசாமக் கேளுங்க," என்று சொல்லிவிட்டுப் போனைக் கீழே பிடித்தான். கடகட கடகட என்று கேட்டது. பிறகு சோடா உடைத்தது. பிறகு கொள்ளு மெல்லும் சத்தம். அது தின்று முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் வராந்தாவில் சாப்பாட்டு வண்டி வந்தது. அதற்கும் ஒரு சக்கரம் கோணல் போல. தூரத்தில் கடகட என்று கேட்டதுமே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "என்னம்மா, இன்னைக்குத் தட்டை நீட்டிக்கிட்டு இருக்கீங்க?" என்றார் சிஸ்டர். பருப்புச் சாதம். மெல்ல மெல்லச் சாப்பிட்டேன், மிச்சம் வைக்கவில்லை.

அப்புறம் நோட்டைக் கேட்டார். முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லா நாளும் நல்லாவே இருந்துருக்கே," என்றார். "இன்னிக்காவது சரியா எழுதுங்க."

கை: வீங்கியிருக்கிறது.